கியான்டிக்கு ஏத்த ஆட்டுக்குட்டி

ஒன்பது வருசம் ஒரு சொட்டு தொடாமல் இருந்த மனுசன், பத்தாவது வருசம் தொடுவது என்று முடிவு செய்தால், கடைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று மடக்மடக்கென்று முடித்துவிட முடியுமா? முறை என்று ஒன்று இருக்கிறது இல்லையா? சர்வேயர் கண்ணாயிரம் முறையோடு குடிப்பது என்று தீர்மானித்தார். தீர்மானித்தார் என்றால் சாதாரணத் தீர்மானமில்லை, கல் நட்டுவிட்டார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் நட்ட கல்லைக் கள்ளக்குறிச்சி தாலுகாவில் இதுவரை யாரும் பிடுங்கியதில்லை, அவருடைய சம்சாரம் அமிர்தத்தைத் தவிர.

மனுசனுக்கு எதிலும் அளவு. செருப்பைக் கழற்றினால் சுவருக்கு நேராகத்தான் விடுவார். தோசை கொஞ்சம் கோணலாக வந்தால், "இது எந்த ஊரு வட்டம்?" என்று கேட்பார். அமிர்தம் அதை மடித்து மடித்துத் தட்டில் வைத்து, "இப்ப முக்கோணம். துன்னுங்க" என்பாள். கொல்லையில் ஒரு கறவை ஆடு கட்டிக்கொள்கிறேன், காலையில் டீக்குப் பால் ஆகும் என்று அவள் இரண்டு வருசமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் டேப்பைப் பிடித்து அளந்து பார்த்து, "பதினோரு அடிக்கு பதினாலு அடி. ஆட்டுக்கு எடமில்ல" என்று சொல்லிவிட்டார். அவள் பதிலே பேசவில்லை. அமிர்தம் பதில் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது இருபத்திரண்டு வருசக் குடித்தனத்தில் அவருக்கு இன்னும் பிடிபடாத விஷயம்.

இந்த ஒன்பது வருசக் கணக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அமிர்தத்தின் தம்பி பூமாலைக்குத் திருக்கோவிலூரில் கல்யாணம். விடியற்காலையிலேயே யாரோ புண்ணியவான் சர்வேயர் மாமாவுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டான். கெட்டிமேளம் கொட்டப்போகிற நேரம், கண்ணாயிரம் அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு பந்தலை அளக்க ஆரம்பித்தார். அளந்து முடித்து, மைக்கைப் பிடுங்கி, "மணமேடை பாதி புறம்போக்குல வருது. இங்க கட்ற தாலி பாதிதான் செல்லும்" என்று அறிவித்தார். பெண் ஓவென்று அழுதுவிட்டது. சம்பந்தி வீட்டார் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அன்று சாயங்காலமே அமிர்தம் வீட்டில் கற்பூரம் கொளுத்தி, அவர் கையைப் பிடித்து அதன்மேல் அடிக்க வைத்து, "இனிமே குடிச்சா நீங்க வேற நான் வேற" என்று சத்தியம் வாங்கிவிட்டாள். கண்ணாயிரம் எப்படிப்பட்டவராக இருந்தாலும் சத்தியம் தவறாதவர். அதற்கப்புறம் இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அந்தப் பூமாலைதான் இப்போது மூன்று புட்டிகளோடு வந்து இறங்கினான்.

கப்பலில் சமையல் வேலை அவனுக்கு. இத்தாலியில் ஜெனோவா என்ற துறைமுகத்தில் அவனுக்கு ஒரு சமையல்காரர் சினேகிதமாம், அவர் கொடுத்தனுப்பியது. ஆவணி முடிய நாலே நாள் இருந்தது. அது இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டம் நடந்துகொண்டிருந்த வருசம். வியாழக்கிழமையிலிருந்து ஒரு வாரத்துக்குச் சாலை மறியல் என்று கள்ளக்குறிச்சியில் சுவருக்குச் சுவர் எழுதியிருந்தார்கள். அதற்குள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று பூமாலை அவசரத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு பெட்டியைத் திறந்தான்.

"மாமா, இது வெள்ளை ஒயின். பேரு சோவே. இது சிவப்பு, கியான்டி. இது இனிப்பு, நுரைக்கும். மோஸ்காத்தோ."

சிவப்புப் புட்டிக்கு அடியில் வைக்கோல் பின்னியிருந்தது. கண்ணாயிரம் அதைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கினார். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. கடல் தாண்டி ஒரு மச்சான் தன்னை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான், அதுவும் யார் கல்யாணத்தைப் பாதி செல்லாது என்று சொன்னாரோ அவனே!

"எடுத்த எடுப்புல குடிச்சிடக் கூடாது மாமா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாப்பாடு இருக்குது. ஜோடி மாத்தினா ரெண்டும் கெட்டுடும்."

"எங்களுக்கு ஜோடி சேத்தப்ப யாரும் இத பாக்கலயே" என்றாள் அமிர்தம், ஈயச் சொம்பைத் துடைத்துக்கொண்டே.

பூமாலை சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். இத்தாலிக்காரர் சொன்னதைத் தமிழில் எழுதி வைத்திருந்தான். சோவேக்கு மீன். கியான்டிக்கு மலையில் மேய்ந்த இளம் ஆட்டுக்கறி. மோஸ்காத்தோவுக்கு இனிப்புப் பலகாரம். கண்ணாயிரம் அதை இரண்டு தடவை படித்தார். இப்படி ஒழுங்காக எல்லை வகுத்து, யார் பக்கத்தில் யார் என்று எழுதி வைத்த ஒரு குடியை அவர் ஆயுசில் பார்த்ததில்லை. குடி என்றால் இது குடி!

"அங்க பொம்பளைங்களும் குடிப்பாங்களாடா?" என்று அமிர்தம் கேட்டாள்.

"பொம்பளைங்கதான் அக்கா மொத மடக்கு குடிச்சுப் பாத்து நல்லா கீதா இல்லியான்னு சொல்லுவாங்க. அவங்களுக்குத்தான் நாக்கு ஜாஸ்தி கூர்."

"அது இங்கயும் அப்டித்தான்" என்று கண்ணாயிரம் முனகினார்.

புட்டியைத் திறக்கிற திருகியைப் பூமாலை நீட்டினான். கண்ணாயிரம் கையை நீட்டுவதற்குள் அமிர்தம் அதை வாங்கி முந்தானையில், பீரோ சாவிக்குப் பக்கத்தில், முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

"தே, இன்னா இது?"

"கற்பூரத்து மேல கைய வெச்சது மறந்துபோச்சா?"

"அது சாராயத்துக்கு பண்ண சத்தியம். இது சோத்துல சேத்தி. ரசம் மாதிரி."

"ரசம் குடிச்சிட்டு எவனாவது பந்தல அளந்தானா?"

பூமாலைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உடுக்கா. அந்தக் கல்யாணத்துல பாதி புறம்போக்கா இருந்தும் எனக்கு மூணு புள்ளைங்க பொறந்துடுச்சி. மாமா பாவம், ஒரே ஒரு நாளைக்கு உடு" என்றான்.

அமிர்தம் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கொல்லைப்புறச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ரங்கம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டே எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரங்கம்மாளுக்கும் அமிர்தத்துக்கும் அந்தச் சுவர் ஒரு டெலிபோன் மாதிரி. ரங்கம்மாளுடைய வீட்டுக்காரர் மலை ரூட்டு பஸ்ஸில் கண்டக்டர்.

"சரி. சத்தியம் வாங்கினவ நான். நானே ஒரு நாள் லீவு உடறேன்" என்றாள் அமிர்தம்.

கண்ணாயிரத்துக்குக் காதை நம்ப முடியவில்லை.

"ஆனா மூணு கண்டிசன். ஒண்ணு, அந்தக் காயிதத்துல இருக்கறாப்புல அதுக்கதுக்கு உண்டான சாப்பாடு இல்லாம நீங்க ஒரு மடக்கு தொடக் கூடாது. ரெண்டு, ஒரு நாள்தான். ரெண்டாம் நாள் கெடையாது. மூணு, புரட்டாசி பொறக்கறதுக்குள்ள இந்த மூணு புட்டியும் காலியாயிடணும். பெருமாளு மாசத்துல இந்த வூட்ல அது ஒரு சொட்டு இருக்கக் கூடாது."

"எழுதிடு!" என்றார் கண்ணாயிரம்.

அவரே எழுதினார். சமையலறைச் சுவரில், கரிக்கோடு போட்டு, எல்லைக் கல் மாதிரி நாலு மூலையிலும் புள்ளி வைத்து, மூன்று நிபந்தனையும் மூன்று ஜோடியும் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அமிர்தமும் போட்டாள். பூமாலை சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மணி பஸ்ஸுக்கு ஓடினான். ஒன்பது வருசத்து வேலியில் ஒரே பேச்சில் ஓட்டை போட்டுவிட்டோம் என்று கண்ணாயிரம் அன்றைக்கு மூன்று தட்டு சோறு சாப்பிட்டார். தான் எழுதிய பத்திரத்தைத் தானே இன்னொரு தடவை நிதானமாகப் படித்திருந்தால் தேவலை. படிக்கவில்லை.

அடுத்து, எந்த நாள் என்ற பேச்சு வந்தது.

"நாளைக்கே?" என்றார்.

"திங்கக்கெழம நான் சோமவாரம் இருக்கறேன். சட்டில கறி ஏறாது."

"செவ்வா?"

"செவ்வாக்கெழம மாரியாத்தாளுக்கு. புதங்கெழமதான் தோது."

"புதன் ஆவணி கடைசியாச்சே. மறுநாள் புரட்டாசி. மறியல் வேற."

"மறியல் வியாழக்கெழமதான? நீங்க புதங்கெழம சாயங்காலமே வூட்ல இருக்கப் போறீங்க."

நியாயமாகத்தான் இருந்தது. மீன், கோமுகி அணையில் கிடைக்கும். அதிரசம் தானே சுடுவதாக அமிர்தம் சொல்லிவிட்டாள். ஆட்டுக்கு அவர் கள்ளக்குறிச்சிக் கறிக்கடைக்கே போகலாம் என்று பார்த்தார்.

"கடையிலயா?" அமிர்தம் முகத்தைச் சுளித்தாள். "காயிதத்துல இன்னா போட்டிருக்குது? மலையில மேஞ்சது. பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் மேஞ்ச ஆட்ட வெட்டி வெச்சிகினு கியான்டின்னா, அது கியான்டி ஆவுமா?"

கண்ணாயிரம் வெட்கப்பட்டுப் போனார். முறை தெரிந்தவர் இப்படி வழுக்கலாமா? "கரியாலூர்ல சின்னதுரை இருக்கான். ரெண்டு வருசம் முன்ன அவன் காட்ட அளந்தேன். அவன் கிட்ட நல்ல குட்டி இருக்கும்" என்றார்.

"பெட்டக்குட்டியா பாருங்க. கெடாவுக்கு ஒரு வாடை இருக்கும். ஒயினோட வாசத்த அடிச்சிடும்."

பார்த்தீர்களா, இருபத்திரண்டு வருசம் இந்த மூளையை அடுப்படியில் வைத்திருந்தோமே என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. "உயிரோடயே புடிச்சிகினு வாங்க. வெட்டி எடுத்தாந்தா வெயில்ல கெட்டுடும்" என்று வேறு சொன்னாள். இதையெல்லாம் அவர் டைரியில் குறித்துக்கொண்டார்.

புதன்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ்ஸில் கிளம்பினார். அமிர்தம் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். துண்டு, குடை, கட்டுச்சோறு, ரெண்டு வேட்டி எல்லாம் கையில் கொடுத்தாள். "எதுக்கு ரெண்டு வேட்டி?" என்று கேட்டதற்கு, "மலையில குளுரும்" என்றாள். பாசம் என்றால் இப்படியா என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கச்சிராயபாளையம் தாண்டி பஸ் முக்கி முனகி மலை ஏறியது. கரியாலூரில் இறங்கி, சின்னதுரையின் காட்டுக்கு ஒரு மணி நேரம் நடந்தார். சின்னதுரை சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தான். சர்வேயரைப் பார்த்ததும் பதறிப்போனான்.

"சாரு! மறுபடியும் அளக்கப் போறீங்களா?"

"இல்லப்பா. ஒரு ஆட்டுக்குட்டி வேணும். பெட்ட. மலையிலதான் மேஞ்சிருக்கணும்."

"இங்க மலையில மேயாத ஆடு எங்க சாரு இருக்குது?"

பதினாலு குட்டிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றையும் மோந்து பார்த்தார். ஒவ்வொன்றும் அவரையும் மோந்து பார்த்தது. கடைசியில் காதில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு கறுப்புக் குட்டியைத் தேர்ந்தெடுத்தார். சின்னதுரை தலையைச் சொறிந்தான்.

"நல்ல ஜாதி சாரு. இதோட தாய் வேளைக்கு ஒரு செம்பு பால் கறக்கும். இத வெட்டவா கேக்கறீங்க?"

"கியான்டிக்கு" என்றார் கண்ணாயிரம்.

அது அவருடைய மேலதிகாரி பெயர் என்று சின்னதுரை நினைத்துக்கொண்டு, அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

விலையைக் கொடுத்துவிட்டு, குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு வரும்போது மணி இரண்டு. மூன்று மணிக்கு வண்டி. வழியில் அணையில் இறங்கி மீன் வாங்கி, ஆறு மணிக்கு வீடு, எட்டு மணிக்கு இலை. மனசில் எல்லாம் கட்டம் கட்டி வைத்திருந்தார். மூன்று ஆனது. நாலு ஆனது. ஐந்து ஆனது. டீக்கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

"யாருக்கு சார் வெயிட் பண்றீங்க?"

"மூணு மணி வண்டிக்கு."

"வண்டியா? நாளைக்கு மறியலாச்சே. மத்தியானத்துக்கு மேல ஒரு வண்டியும் மேல ஏறாதுன்னு காலைலயே சொல்லிட்டாங்களே. இனிமே ஒரு வாரம் கழிச்சிதான்."

கண்ணாயிரம் அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். குட்டி அவர் மடியில் தலையை வைத்தது. வீட்டில் மூன்று புட்டி காத்திருக்கிறது. கெடு இன்றோடு முடிகிறது. ஒன்பது வருசம் காத்து வாங்கின ஒரே ஒரு நாள், மலைமேல் ஒரு பஸ் நிறுத்தத்தில் சாய்ந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்து அழுதிருப்பார், டீக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு ஆளாக இருந்தால் குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டியிருப்பான். கண்ணாயிரமா விடுகிறவர்? சின்னதுரை வீட்டிலேயே தங்கினார். நாளைக்கு வண்டி வரும் என்று ஒவ்வொரு நாளும் கயிறும் கையுமாகப் போய் நின்றார். சாமைச் சோறும் கீரைக் கடைசலும் சாப்பிட்டார். புரட்டாசி பிறந்துவிட்டது, அது தெரியும். ஆனால் வராமல் போனது தன் குற்றமா? இல்லை! ஆபீசில் இப்படி எத்தனை மனு பார்த்திருக்கிறார்! மனசுக்குள்ளேயே ஒரு மனு எழுதினார். "மதிப்பிற்குரிய அமிர்தம் அவர்களுக்கு. தவிர்க்க முடியாத காரணத்தால் காலக்கெடு தவறிவிட்டபடியால், மேற்படி ஒரு நாளை ஐப்பசி முதல் தேதிக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." புட்டிகளை அந்த ஒரு மாசம் ரங்கம்மாள் வீட்டில் வைத்தால் பெருமாளுக்கும் குறையில்லை. சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது. மனுவைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், பூமாலை கொடுத்த காகிதத்தை அவர் சட்டைப் பையிலிருந்து குட்டி இழுத்துத் தின்றுவிட்டது.

"தின்னு தின்னு. எனக்கு மனப்பாடம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய்விட்டது. நடப்பது என்று முடிவெடுத்தார். நாற்பது கிலோமீட்டருக்குக் கம்மியில்லை. வழிநெடுக ரோட்டில் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு மரத்தையும் குட்டி ஒரே தாவில் தாண்டியது. கண்ணாயிரம் கிளைக்கு அடியில் நுழைந்து, வேட்டி கிழிந்து, மறுபக்கம் வந்து விழுந்தார். ரெண்டு வேட்டி எதற்கு என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு இடத்தில் மறியல்காரப் பிள்ளைகள் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, மோர் கொடுத்தார்கள்.

"கஷ்டம் தெரியுது சார். எங்க பசங்க படிச்சிட்டு சும்மா குந்திகினு இருக்கறாங்க. ஒரு வேலை கெடைக்கணும்னுதான் சார் இவ்ளோவும்."

"கேளுங்கப்பா, கேளுங்க. கேட்டாத்தான் கெடைக்கும்" என்றார் கண்ணாயிரம். தன் மனுவை நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"ஆட்ட எங்க சார் ஓட்டிகினு போறீங்க?"

அவர் மோர்ச் சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். கடைசி எட்டு கிலோமீட்டர் குட்டி நடக்க மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். அது அவர் காதைச் சப்பிக்கொண்டே வந்தது. இதை எப்படி வெட்டுவது என்ற ஒரு நினைப்பு தலையைத் தூக்கியது. ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறதே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அதை அமுக்கிவிட்டார்.

திங்கள்கிழமை மத்தியானம் வீடு வந்து சேர்ந்தார். அமிர்தம் வாசலில் கோலத்துக்கு மேல் செம்மண் தீட்டிக்கொண்டிருந்தாள். நெற்றியில் திருநாமம் இல்லாத குறைதான், பெருமாள் மாசம் முகத்தில் பளபளத்தது.

"வந்துட்டீங்களா! ஐயோ, காலெல்லாம் வீங்கிப்போச்சே. வாங்க வாங்க." முதலில் குட்டியைத்தான் வாங்கினாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள். "நல்ல குட்டி" என்று கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

கண்ணாயிரம் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனார். கொல்லையில், பதினோரு அடிக்குப் பதினாலு அடியில், சரியாக நடுவில், ஒரு புது முளைக்குச்சி அடித்திருந்தது. பக்கத்தில் ஒரு கட்டு அகத்திக்கீரை தொங்கிக்கொண்டிருந்தது. மேலே நாலு ஓலை போட்டு நிழல் கட்டியிருந்தது. ஓலை வதங்கியிருந்ததைப் பார்த்தால் போட்டு ஒரு வாரமாவது இருக்கும். அவருக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் தலைபோகிற காரியம் வேறு இருந்தது.

"அமிர்தம். நான் சொல்றத முழுசா கேளு" என்று ஆரம்பித்து, மனுவை மூச்சு விடாமல் ஒப்பித்தார். தவிர்க்க முடியாத காரணம், ஐப்பசி முதல் தேதி, பணிவுடன், எல்லாம்.

அமிர்தம் குட்டியைக் கட்டிவிட்டுக் கையைத் துடைத்தாள். "அவ்ளோதான? சரிங்க. ஐப்பசி ஒண்ணாந்தேதி உங்களுக்கு லீவு. நான் தட்டவே மாட்டேன்" என்றாள்.

ஒரே சொல்லில் ஒப்புக்கொண்டாள்! கண்ணாயிரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒரு பெண்ணை இருபத்திரண்டு வருசமாகத் தப்பாக எடை போட்டுவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"புட்டிங்கள ரங்கம்மா வூட்ல வெச்சிட்டியா?"

"ஒண்ணு அங்க இருக்குது. நல்லெண்ணெய்க்கு வெச்சிகினா. மீதி ரெண்டும் கூடத்துல."

கூடத்துக்கு ஓடினார். ஜன்னலில், வெயில் படுகிற இடத்தில், வைக்கோல் பின்னின கியான்டி புட்டியிலிருந்து ஒரு மணி பிளான்ட் கொடி மூன்று இலை விட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் சோவேயில் தண்ணீர். அதில் ஒரு துளசிக் கொத்து.

கண்ணாயிரம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடி அது?"

"எதுங்க?"

"உள்ள இருந்தது!"

"நீங்கதான எழுதினீங்க?" அமிர்தம் சமையலறைச் சுவரைக் காட்டினாள். "புரட்டாசி பொறக்கறதுக்குள்ள மூணும் காலியாயிடணும். புதங்கெழம ஆறு மணி வரைக்கும் வாசல்லயே பாத்துகினு இருந்தேன். நீங்க வரல. கெடு தாண்டிட்டா சத்தியத்துக்கு பங்கம் இல்லியா? பொழுது சாய்றதுக்குள்ள காலி பண்ணிட்டேன்."

"சாக்கடையில ஊத்திட்டியா?"

"கடல் தாண்டி தம்பி எடுத்தாந்தத சாக்கடையில ஊத்துவாங்களா? பாவம் சுத்தாது?"

"பின்ன யாரு..."

திறந்திருந்த கொல்லைக் கதவு வழியே, சுவருக்கு மேல் ரங்கம்மாள் தலை தெரிந்தது. "அண்ணே, சௌக்கியமா? நாங்க கூட நெனைச்சோம், நீங்க நடந்தே வந்துடுவீங்கன்னு. எங்க வூட்டுக்காரரு ஞாயித்துக்கெழமயே சொன்னாரு, புதன் மத்தியானத்துக்கு மேல மலைக்கு வண்டி கெடையாதுன்னு. அக்கா கிட்ட அப்பவே சொல்லிட்டேனே, அக்கா சொல்லலியா?"

அமிர்தம் அதற்குள் கொல்லைக்குப் போய் அகத்திக்கீரையைக் கிள்ளி குட்டிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ... நீங்க ரெண்டு பேரும்... சத்தியம்..."

"சத்தியம் பண்ணது நீங்க. என் கைய எந்தக் கற்பூரம் சுட்டுச்சு?" என்றாள்.

கண்ணாயிரம் மெதுவாக நடந்து போய்ச் சமையலறைச் சுவர்முன் நின்றார். அவர் போட்ட கரிக்கோடு அப்படியே இருந்தது. நாலு மூலைப் புள்ளியும் இருந்தது. மூன்று புட்டி, மூன்று சாப்பாடு, மூன்று நிபந்தனை, எல்லாம் திருத்தமான கையெழுத்தில் இருந்தது. யார் குடிப்பது என்று மட்டும் அவர் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மீன் என்ற எழுத்தின் மேல் மட்டும் யாரோ கரித்துண்டால் ஒரு கோடு கிழித்திருந்தார்கள்.

வெளியே குட்டி ஒரு தடவை கத்தியது. அது ஈன்று பால் கறக்க இன்னும் ஒரு வருசமாவது ஆகும், ஆனாலும் அமிர்தம் இப்போதே சின்னச் செம்பு ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். கண்ணாயிரம் அதைப் பார்த்தார், ஜன்னலில் கொடியைப் பார்த்தார். நாற்பது கிலோமீட்டர் நடந்த காலைப் பார்த்தார். வாயில் வந்தது ஒரே ஒரு கேள்விதான், அதுவும் பாதிக் குரலில்.

"நல்லா... நல்லா இருந்துச்சா?"

அமிர்தம் உள்ளே வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்தத் திருகியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"வெள்ளைக்கு மீனெல்லாம் வேண்டியதில்லீங்க. மொளகா பஜ்ஜியே போதும்."